மங்கிய விளக்கும் மறைந்த உண்மையும்

சென்ற ஆண்டின் இறுதியில் ஓர் இரவு. வவுனியாவில் உறவினர் வீட்டுத் திருமணமொன்றில் கலந்துகொண்டுவிட்டு ஏ-9 வீதி வழியாக யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டியைச் செலுத்தியவர் என் தமக்கையின் மகன். நிதானமானவர். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல் அவர் வண்டி ஓடியதை நான் கண்டதில்லை.

கனகராயன்குளத்தைத் தாண்டியிருப்போம். வீதியின் இருபுறமும் காடு. நிலவு இல்லை. திடீரென மருமகன் பிரேக்கை அழுத்தினார். வண்டி உறுமி நின்றது. முன்னே, ஒரு பாய் விரிக்கும் தூரத்தில், துவிச்சக்கரவண்டியில் விறகுக் கட்டுடன் ஒரு முதியவர். அவரிடம் விளக்கு இல்லை. பின்புறத்தில் சிவப்புத் தெறிப்பானும் இல்லை. அவர் திரும்பிப் பார்த்து, "என்ன தம்பி, கண் தெரியேல்லையோ?" என்று கேட்டுவிட்டுத் தம்பாட்டில் மிதித்துச் சென்றார்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கினோம். மருமகன் தேங்காய் வாங்கச் சென்றார். நான் கச்சான் கடை வெளிச்சத்தில் நின்றபடி எங்கள் வண்டியின் முகத்தைப் பார்த்தேன். இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அந்த ஒளியை வெறுங்கண்ணால் நேரே பார்க்க முடிந்தது. எண்ணெய் வற்றிய அரிக்கேன் விளக்கின் நிறம் அதற்கு.

மறுநாள் கராஜில் காட்டினோம். மெக்கானிக் விரலால் விளக்கின் முகப்பைத் தேய்த்துப் பார்த்தார். "பல்ப்பிலை பிழை இல்லை ஐயா. கண்ணாடிதான் மங்கிப்போச்சுது. இப்ப ஊரிலை ஓடுற வாகனத்திலை பாதி இப்பிடித்தான்" என்றார்.

அந்தச் சொற்கள் என்னை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுசென்றன. யாரிடமும் அதிகம் பேசாத விடயம் ஒன்று உண்டு. அதை எழுதவே இக்கட்டுரை. ஆனால் அதைச் சொல்வதற்கு மோட்டார் வண்டியின் முன்விளக்கு நடந்துவந்த பாதையையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த பிழை எத்தகையது என்பது விளங்காது.

நான்கு வரிச் செய்தி

1970களின் நடுப்பகுதி. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஒரு நாள் அதிகாலையில் பொலிஸ் தகவல் ஒன்று வந்தது. வவுனியாப் பக்கமிருந்து யாழ்ப்பாணம் வந்துகொண்டிருந்த வாடகைக் கார் ஒன்று, வீதியோரம் நிறுத்தப்பட்டிருந்த லொறியின் பின்புறத்தில் மோதியது. சாரதி அவ்விடத்திலேயே மரணம். வேறு எவரும் காரில் இருக்கவில்லை.

நான்கு வரிகளில் செய்தி எழுதினேன். "அதிவேகமாக வந்த கார் கட்டுப்பாட்டை இழந்து" என்று தொடங்கினேன். அதிவேகம் என்று எவரும் என்னிடம் சொல்லவில்லை. விபத்துச் செய்தி என்றால் பேனா தானாகவே அந்தச் சொற்றொடரை எழுதிவிடும். எனக்கு முன்னிருந்தவர்கள் அப்படித்தான் எழுதினார்கள். எனக்குப் பின் வந்தவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் சிறுவன் ஒருவனைக் கையிற் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தார். இறந்தவரின் மனைவி. கோபமாகப் பேசவில்லை.

"என்ரை மனுசன் இருபத்தைஞ்சு வருசமாய்க் கார் ஓடினவர் தம்பி. பறக்கிற ஆள் இல்லை. லைற்றுக்குச் சாமான் தேடி மூண்டு மாசமாய் அலைஞ்சவர். எங்கையும் கிடைக்கேல்லை. அந்த லொறிக்கும் பின்லைற் இல்லையாம். அதையும் நீங்கள் எழுதியிருக்கலாமே?"

விசாரித்துச் சொல்கிறேன் அம்மா என்று அவரை அனுப்பிவைத்தேன். மூத்த துணையாசிரியரிடம் சொன்னேன். "செத்தவர் வழக்குப் போட மாட்டார், விடும்" என்றார். விட்டுவிட்டேன். திருத்தம் வெளிவரவில்லை. விசாரிக்கவும் இல்லை.

அக்காலச் சூழலை இன்றைய வாசகர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. புதிய கார் வருவது அரிது. ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளே வாடகைக்கு ஓடின. உதிரிப்பாகம் என்பது தவமிருந்து பெறவேண்டிய வரமாயிற்று. விளக்கின் உள்ளேயிருக்கும் தெறிப்புக் கிண்ணத்தின் வெள்ளிப் பூச்சு கறுத்துப் போனால் மாற்றுவதற்குப் புதியது கிடைக்காது. மின்கம்பிகளின் முனைகளில் துரு ஏறியிருக்கும். டைனமோவும் தளர்ந்திருக்கும்.

இங்கே சிறிது விஞ்ஞானம் சொல்ல வேண்டும். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. அதைவிட மிக வேகமாகக் குறையும். மின்னழுத்தம் 10 வீதம் குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 வீதம் குறைந்துவிடும். 20 வீதம் குறைந்தால் பாதிக்கு மேற்பட்ட ஒளி போய்விடும். துருப்பிடித்த ஒரு கம்பி முனை இத்தனையையும் செய்ய வல்லது. சாரதிக்கோ விளக்கு எரிகிறது என்றே தோன்றும். ஒளி நாளுக்கு நாள் சிறுகச் சிறுகக் குறைவதால் கண் அதற்குப் பழகிவிடும். மங்கிய விளக்கின் பெருந்தீமை இதுதான். அணைந்த விளக்கு தன்னைக் காட்டிக்கொடுக்கும். மங்கிய விளக்கு காட்டிக்கொடுப்பதில்லை.

பார்ப்பதற்கா, பார்க்கப்படுவதற்கா?

மோட்டார் வண்டியின் முதல் விளக்குகள் குதிரை வண்டியிலிருந்து வந்தவை. அவை எண்ணெய் விளக்குகள். அவற்றின் வேலை வழிகாட்டுவதன்று. வண்டி வருகிறது என்று பிறருக்கு அறிவிப்பது மட்டுமே. குதிரைக்குத் தன் கண் இருந்தது. இயந்திரத்துக்குக் கண் இல்லை என்பதை மனிதர் உணரச் சில காலம் சென்றது.

1892இல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் தோமஸ் வில்சன் என்பவர் மின் உலையில் கல்சியம் காபைட்டைத் தயாரிக்கும் வழியைக் கண்டார். காபைட் கட்டியின் மீது தண்ணீர் சொட்டினால் அசற்றிலீன் வாயு பிறக்கும். அது வெண்மையாகவும் பிரகாசமாகவும் எரியும். காற்றுக்கும் மழைக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மோட்டார் வண்டிகளின் முகத்தில் மின்னிய பித்தளை விளக்குகள் பெரும்பாலும் இந்த வாயுவில் எரிந்தவையே. மின்விளக்கு 1898இலேயே அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் தயாரான கொலம்பியா மின்சாரக் காரில் வந்துவிட்டது. ஆனால் அக்கால இழைகள் வீதியின் அதிர்ச்சியைத் தாங்கவில்லை. 1912இல் கடிலாக் நிறுவனம், சார்ள்ஸ் கெற்றரிங் உருவாக்கிய முறையின்படி, இயந்திரத்தைத் தொடக்குவதையும் விளக்கெரிப்பதையும் ஒரே மின்னமைப்பில் இணைத்தது. அதன் பின்னர் வாயு விளக்கு மெல்ல மறைந்தது.

ஒளி கூடியதும் புதிய சிக்கல் பிறந்தது. என் விளக்கு எனக்கு வழி காட்டுகிறது. எதிரே வருபவரின் கண்ணையோ குருடாக்குகிறது. அவர் குருடானால் என் மீதே மோதக் கூடும். எனவே முன்விளக்கின் வரலாறு முழுவதும் இரு தரப்பினரிடையே நடைபெறும் ஒரு பேரம் என்று சொல்லலாம். எனக்கு எவ்வளவு ஒளி, உமக்கு எவ்வளவு இருள் என்ற பேரம் அது.

1924இல் ஜேர்மனியின் ஒஸ்ராம் நிறுவனம் ஒரே குமிழுக்குள் இரண்டு இழைகள் கொண்ட பிலுக்ஸ் விளக்கை வெளியிட்டது. ஓர் இழை தொலைதூர ஒளிக்கு. மற்றது தாழ்ந்த ஒளிக்கு. இன்றும் எதிரே வாகனம் வரும்போது நாம் 'டிம்' போடுவது அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியே. பிரான்ஸ் நாட்டில் வேறு வழியை நாடினார்கள். மஞ்சள் ஒளி கண்ணை அவ்வளவு கூசச் செய்யாது என்ற எண்ணத்தில் 1930களின் பிற்பகுதியில் முன்விளக்குகள் மஞ்சளாக இருக்க வேண்டுமெனச் சட்டம் செய்தார்கள். 1993 வரை பிரெஞ்சு வாகனங்களை இரவில் மஞ்சள் விளக்கைக் கொண்டே இனங்காண முடிந்தது.

அமெரிக்கர் கண்ட வழி எம் கதைக்கு நெருக்கமானது. விளக்கு மங்குவதற்கு முக்கிய காரணம் உள்ளிருக்கும் தெறிப்புக் கிண்ணம் கறுப்பது என்பதை அவர்கள் கவனித்தார்கள். 1940 முதல் இழை, கிண்ணம், முகப்புக் கண்ணாடி மூன்றையும் ஒன்றாக அடைத்து முத்திரையிட்ட விளக்கை நாடு முழுவதற்கும் பொதுவாக்கினார்கள். தூசும் ஈரமும் உட்செல்லா. இழை அறுந்தால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் கிண்ணமும் கண்ணாடியும் புதியனவாகிவிடும். வீண் செலவு போலத் தோன்றினும் அதற்குள் நல்ல அறிவு இருந்தது.

ஒரு நாடே விளக்கை மங்கச் செய்தபோது

அமெரிக்கா மங்காத விளக்கைத் தேடிய அதே வேளையில் பிரித்தானியா தன் விளக்குகளைத் தானே மங்கச் செய்துகொண்டது. மங்கிய விளக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று உலக வரலாற்றில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1939 செப்டம்பர் 1ஆந் திகதி அங்கு இருட்டடிப்பு தொடங்கியது. எதிரி விமானங்களுக்கு இலக்குத் தெரியக் கூடாது என்பது நோக்கம். தெருவிளக்குகள் அணைந்தன. வீட்டு யன்னல்களில் கறுப்புத் துணி ஏறியது. வாகனங்களின் முன்விளக்குகள் முதலில் தடைசெய்யப்பட்டன. பின்னர், மூடியிட்டுச் சிறு கீற்றுகள் வழியே ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி அனுமதிக்கப்பட்டன.

விளைவு உடனே தெரிந்தது. அந்தச் செப்டம்பர் மாதத்தில் வீதியில் மாண்டவர் தொகை, முந்திய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுகையில், ஏறத்தாழ இரு மடங்காகியது. ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 1938இல் 6,648 பேர். 1939இல் 8,272 பேர். 1940இல் 8,609 பேர். 1941இல் 9,169 பேர். பிரித்தானிய வீதிகளின் வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் 1941ஐப் போல் கொடிய ஆண்டு இல்லை. இத்தனைக்கும் பெற்றோல் பங்கீட்டினால் ஓடிய தனியார் வாகனங்கள் முன்னரிலும் குறைவு! வாகனம் குறைந்தது, மரணம் கூடியது.

லண்டன் மீதான தொடர் குண்டுவீச்சு 1940 செப்டம்பரிலேயே தொடங்கியது. அதற்கு முந்திய ஓராண்டில் வீதியில் மாண்டவர்கள் குண்டினால் மாளவில்லை. குண்டு விழும் என்ற அச்சத்தினால் மாண்டார்கள். அரச மருத்துவராகப் பணியாற்றிய வில்பிரட் ட்ரொட்டர் என்ற புகழ்பெற்ற அறுவை நிபுணர் 1939இலேயே மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் இதைச் சுட்டினார். ஒரு விமானத்தைக்கூட மேலே கிளப்பாமல், எம்மை இருட்டடிப்புக்குள் பயமுறுத்தித் தள்ளியே எதிரி மாதந்தோறும் சுமார் 600 பேரைக் கொன்றுவிடுகிறான் என்பது அவர் வாதம்.

அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. நடைபாதை ஓரங்களிலும் மரங்களிலும் கம்பங்களிலும் வெள்ளைக் கோடுகள் தீட்டப்பட்டன. வாகனங்களின் முட்டுத்தாங்கிகள் வெள்ளையாகின. கையில் வெள்ளைப் பொருள் ஏதேனும் பிடித்துக்கொண்டு நடக்கும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டது. எசெக்ஸ் பகுதியில் மாடுகளுக்குக்கூட வெள்ளைப் பட்டை தீட்டிய விவசாயி உண்டு. 1940இல் குடியிருப்புப் பகுதிகளில் இரவு வேகம் மணிக்கு 20 மைலாகக் குறைக்கப்பட்டது. பேர்சி ஷோ என்ற யோர்க்ஷயர்க்காரர் 1934இல் உரிமம் பெற்றிருந்த, வீதியின் நடுவே பதிக்கும் 'பூனைக்கண்' தெறிப்பான்களின் அருமையும் அந்த இருளில்தான் பெரிதும் உணரப்பட்டது.

இந்த ஏற்பாடுகளில் ஒரு பொது அம்சத்தை வாசகர் கவனிக்க வேண்டும். வாகனத்தின் கண்ணை மூடியதும், வீதியிலுள்ள மற்ற அனைத்தையும் வெள்ளையடிக்க வேண்டியதாயிற்று. விளக்கு செய்ய வேண்டிய வேலையை மரமும் மாடும் மனிதரும் செய்ய நேர்ந்தது.

எங்கள் இருட்டடிப்புகள்

இலங்கைக்கும் அந்த இருள் வந்தது. 1942 ஏப்ரில் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரில் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. சிவில் பாதுகாப்பு ஆணையாளராக இருந்தவர் ஒலிவர் குணதிலக்க. அப்போது கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த என் பெரியப்பா, கார் விளக்குகளுக்குக் கறுத்தக் கடதாசி ஒட்டி நடுவே சிறு துவாரம் விட்டிருந்ததை வயது போன காலத்திலும் விவரிப்பார். "குண்டுக்குப் பயந்ததிலும் பார்க்க றோட்டைக் கடக்கத்தான் பயந்தனாங்கள்" என்பார். அவருடைய நகைச்சுவை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பிரித்தானியக் கணக்கைப் படித்த பின்னரே அது நகைச்சுவை அன்று என்று விளங்கியது.

ஐம்பது ஆண்டுகளின் பின் அதே இருள் யாழ்ப்பாணத்தில் இறங்கியது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள் வரத் தடை. பெற்றோலைச் சில துளிகள் விட்டுத் தொடக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய மொரிஸ் மைனர்களையும் ஏ-40களையும் அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். புதிய பற்றரிக்கு வழியில்லை. வானத்திலிருந்து யாரும் கண்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் விளக்கின் முகத்தில் கறுப்பு மை பூசிக் கீற்றளவு வெளிச்சத்தில் ஓடியவர்கள் உண்டு. விளக்கே போடாமல் ஓடியவர்களும் உண்டு.

துவிச்சக்கரவண்டிகளின் நிலையும் அதுவே. ஒரு காலத்தில் லைற் இல்லாமற் போனால் பொலிஸ் பிடிக்கும். இப்போதோ டைனமோவுக்கு வேறு வேலை வந்தது. வண்டியைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையாற் சுற்றி அந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். விளக்குக்கு உரிய டைனமோ வானொலிக்குப் போயிற்று. இருட்டில் சைக்கிளும் காரும் மாட்டுவண்டியும் ஒன்றையொன்று மணியோசையால் தேடிக்கொண்டன.

அக்காலத்தில் அந்த இருளில் வீதியில் மாண்டவர் எத்தனை பேர்? பிரித்தானியர் போரின் நடுவிலும் மாதந்தோறும் எண்ணினார்கள். கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த நாங்கள் குண்டுக்கும் ஷெல்லுக்கும் பலியானோரை எண்ணினோம். வீதியில் மங்கிய விளக்குக்குப் பலியானோரை எண்ணவில்லை. அவர்களுக்கும் அதே நான்கு வரிதான் எழுதினோம். குறை கூறுவதாயின் முதற் குறை என்மீதே.

மீண்டும் மங்கும் கண்ணாடி

1960களில் ஐரோப்பாவில் ஹலஜன் விளக்கு வந்தது. 1991இல் ஜேர்மனியில் செனன் விளக்கு வந்தது. இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் எல்.ஈ.டி. முன்விளக்குகளும் வந்துவிட்டன. ஒளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1980களில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. அமெரிக்கா 1983இல் முத்திரையிட்ட கண்ணாடி விளக்கின் கட்டாயத்தைத் தளர்த்தியது. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவங்களுக்கு வளையக்கூடிய முகப்பு வேண்டியிருந்தது. கண்ணாடியின் இடத்தைப் பொலிகாபனேற் என்ற பிளாஸ்ரிக் பிடித்தது. எடை குறைவு, கல் பட்டால் உடையாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேற்பூச்சைத் தின்றுவிடும். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகிப் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். 1940இல் தீர்த்துவைத்த நோய் வேறோர் உறுப்பில் திரும்பி வந்துவிட்டது.

இது எவ்வளவு பாரதூரமானது? அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, நன்றாக மங்கி மஞ்சளான முகப்புக் கொண்ட விளக்கு, தாழ்ந்த ஒளியில், புதிய விளக்கு தரும் ஒளியின் 22 வீதத்தை மட்டுமே தந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். மருமகனின் வண்டி ஜப்பானில் பாவித்து இங்கு வந்து இருபது ஆண்டு வெயில் குடித்தது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025இலேயே கதவு மீண்டும் திறந்தது. ஐந்தாண்டு காலம் ஊரிலிருந்த வாகனங்களையே ஊர் ஓட்டியது. மெக்கானிக் "பாதி இப்பிடித்தான்" என்று சொன்னதன் காரணம் இதுவே. 1970களின் கதை வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

மங்குவது விளக்கு மட்டுமன்று. அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைவதன் மூன்றிலொரு பங்கு அளவே என்று கண் மருத்துவம் கூறுகிறது. கண்மணி சுருங்குகிறது, வில்லை மஞ்சளாகிறது. நமக்குள்ளும் ஒரு பிளாஸ்ரிக் முகப்பு இருக்கிறது போலும்! மங்கிய கண் மங்கிய விளக்கின் பின்னே அமரும்போது ஆபத்து கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகிறது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் அன்பர்கள், எமக்குப் புதிய வண்டி, பிரகாசமான விளக்கு என்று எண்ணக் கூடும். அங்கும் ஒரு பொறி உண்டு. கனடாவில் 1989 டிசெம்பர் முதல் தயாரான வண்டிகளுக்குப் பகல்நேர விளக்கு கட்டாயம். அதனால் நகர வெளிச்சத்தில், முன்னே ஒளி தெரிகிறதே, உள்ளே கருவிப் பலகையும் மின்னுகிறதே என்று நம்பி, பின்விளக்கு எரியாமலே பலர் இரவில் ஓடினார்கள். அத்தகைய வாகனங்களுக்கு அங்கு 'பேய் வாகனம்' என்றே பெயர். 2021 செப்டம்பர் முதல் தயாராகும் வாகனங்களில் இதைத் தடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டுமெனக் கனடா விதி செய்தது. என் நான்கு வரிச் செய்தியில் வந்த லொறியும் ஒரு பேய் வாகனந்தான்.

வேகம் என்பது என்ன?

பிரித்தானிய வீதி ஒழுங்கு நூல் தரும் கணக்கு ஒன்று. மணிக்கு 40 மைல், அதாவது 64 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், ஆபத்தைக் கண்டு முழுதாக நிற்பதற்கு உலர்ந்த வீதியில் 36 மீற்றர் வேண்டும். அதில் 12 மீற்றர் சாரதி சிந்திக்கும் நேரத்திலேயே கழிந்துவிடும். விளக்கு 30 மீற்றருக்கு அப்பால் எதையும் காட்டாவிட்டால்? மீதி 6 மீற்றரில் இருப்பது விறகுக் கட்டாகவும் இருக்கலாம். விறகு சுமந்தவராகவும் இருக்கலாம்.

ஆகவே, அந்த வாடகைக் கார் வேகமாக வந்தது என்று நான் எழுதியது முற்றிலும் பொய்யும் அன்று. தன் விளக்கு காட்டிய தூரத்துக்குள் நிற்க முடியாத எந்த வேகமும் அதிவேகமே. ஆனால் நான் அந்தப் பொருளில் எழுதவில்லை. அரை உண்மையை எழுதி முழுப் பழியையும் இறந்தவர் தலையில் வைத்தேன். உதிரிப்பாகம் கிடைக்காத நாடு, பின்விளக்கு இல்லாத லொறி, மூன்று மாதம் அலைந்த மனிதர் எல்லோரும் என் நான்கு வரிக்கு வெளியே நின்றார்கள். வேகம் என்று எழுதினால் குற்றவாளி ஒருவர், அவரும் பேசமாட்டார். விளக்கு என்று எழுதியிருந்தால் பலர் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

விளக்கின் வேறுபாடு உயிரின் வேறுபாடு என்பதற்கு இன்று சான்றும் உண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம் 2016 முதல் முன்விளக்குகளுக்குத் தரம் இட்டு வருகிறது. நல்ல தரம் பெற்ற விளக்குள்ள வாகனங்களில், தாழ்ந்த தரமுள்ளவற்றோடு ஒப்பிட, இரவில் பாதசாரிகள் மீது மோதுவது 23 வீதம் குறைவு என்று 2021இல் அது கண்டறிந்தது. சாரதிகள் நல்லவர்களாக மாறவில்லை. விளக்குத்தான் மாறியது.

மருமகனின் வண்டி இப்போது திருந்திவிட்டது. மெக்கானிக் நீர்த்தாளால் முகப்பைத் தேய்த்து, மெருகேற்றி, மேலே பாதுகாப்புப் பூச்சும் இட்டார். அரை நாள் வேலை. பூச்சு இடாமல் தேய்த்தது மட்டும் போதுமென்று விட்டால் சில மாதங்களில் மீண்டும் மங்கிவிடும் என்றும் எச்சரித்தார். விளக்குகளின் முனை எதிரே வருபவரின் கண்ணில் படாதவாறு சுவரில் ஒளியை விழுத்திச் சரிசெய்தார். பழைய கிண்ணத்தில் அளவுக்கு மீறிய புதிய எல்.ஈ.டி. பல்ப்பைப் போட வேண்டாம், ஒளி சிதறி எதிரே வருபவரைக் குருடாக்கும் என்றார். நூறாண்டுப் பேரத்தின் நீதியை அவர் நூல் படிக்காமலே அறிந்திருந்தார்.

வாசகர்களிடம் நான் வேண்டுவது சிறிய காரியம். இன்றிரவு உங்கள் வண்டியை ஒரு சுவருக்கு முன் நிறுத்தி விளக்கைப் போட்டு, இறங்கி நின்று பாருங்கள். பின்னேயும் சென்று பாருங்கள். சைக்கிளில் போகும் அயலவருக்கு ஒரு சிவப்புத் தெறிப்பான் வாங்கிக் கொடுங்கள். பத்திரிகையில் இருக்கும் இளைய தம்பி, தங்கையர்க்கு ஒரு சொல்: அடுத்த முறை "அதிவேகமாக வந்த" என்று எழுதுமுன், விளக்கு எரிந்ததா, எப்படி எரிந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

கையைப் பிடித்து வந்த அந்தச் சிறுவன் இன்று அறுபதை நெருங்கியிருப்பான். எங்கேயிருக்கிறான் என்று அறியேன். உலகில் எங்கோ ஒரு நாட்டில் அவனும் இரவில் வண்டி ஓட்டக் கூடும். அன்று வெளிவராத திருத்தத்தை இங்கே வெளியிடுகிறேன்:

ஏ-9 வீதியில் நிகழ்ந்த விபத்துப் பற்றி நாம் வெளியிட்ட செய்தியில், கார் அதிவேகமாக வந்ததாகக் குறிப்பிட்டிருந்தோம். அதற்கு எம்மிடம் ஆதாரம் இருக்கவில்லை. காரின் முன்விளக்கு மங்கியிருந்ததென்றும், லொறிக்குப் பின்விளக்கு இருக்கவில்லையென்றும் சாரதியின் மனைவி எமக்குத் தெரிவித்தார். நாம் விசாரிக்கவில்லை. தவறுக்கு வருந்துகிறோம்.